எண்பத்தேழு சதவீதத்தில் நின்ற ஊர்வலம்

வரிசையாகச் சொல்கிறேன் தம்பி, குறுக்கே பேசாமல் கேளுங்கள். வரிசை தப்பினால் நியாயமும் தப்பிவிடும். மில் கேட்டில் முப்பது வருஷம் பேசிக் கற்றுக்கொண்டது இது.

முதல் அநியாயம் எண்பத்தைந்தில். எங்கள் எழுபத்தொரு நாள் வேலைநிறுத்தம் முடிந்து, வேலை போன நாற்பத்தொரு பேருக்கும் சங்க வாசலில் கல்வெட்டு வைத்தார்கள். நாற்பது பேரை வெட்டியதும் கல் முடிந்துவிட்டது. கடைசி வரியில் ‘மற்றும் பலர்’ என்று வெட்டிவிட்டார்கள். நான் ஒருத்தன்தான் அந்தப் பலர்.

இரண்டாவது தொண்ணூற்று நாலில். பத்தாம் ஆண்டு மலர் போட்டார்கள். அதில் என் பெயர் இருந்தது, ‘அமரர் வீ. இருளப்பன்’ என்று. அந்த மலரில் இருநூறு பிரதி விற்றுக் கொடுத்தவனே நான். என் கையிலிருந்து வாங்கிப் பிரித்துப் பார்த்துவிட்டு என்னிடமே துக்கம் விசாரித்தவர்கள் உண்டு.

மூன்றாவது இரண்டாயிரத்து நாலில். இருபதாம் ஆண்டுப் பேரணி. பத்திரிகையில் போட்டோ வந்தது. ஓரத்தை வெட்டியதில் நான் போய், என் முஷ்டி மட்டும் மிஞ்சியிருந்தது. என் வீட்டுக்காரி கடிகார வாரை வைத்துத்தான் அடையாளம் கண்டாள்.

நான்காவது இரண்டாயிரத்துப் பதினாலில். முப்பதாம் ஆண்டு விழாவில் எல்லோருக்கும் சால்வை. எனக்கு வரும்போது ஒன்று குறைந்துவிட்டது. தலைவர் தன் தோளில் கிடந்ததை எடுத்து எனக்குப் போர்த்தி, போட்டோ எடுத்ததும் திருப்பி வாங்கிக்கொண்டார்.

ஐந்தாவது, இதோ என் மடியில் உட்கார்ந்திருக்கிறது. மடியில் என்ன என்று நீங்கள்தானே கேட்டீர்கள்? கம்ப்யூட்டர் தம்பி. டிவி மாதிரி இருக்குமே அது இல்லை, அதற்கு வேலை பார்க்கும் பெட்டி. சிபியு. கண்டக்டர் இதற்கு லக்கேஜ் போட்டாரே, பார்த்தீர்களா? மடியில் வைத்திருப்பது எப்படி லக்கேஜ் ஆகும் என்று சட்டம் பேசலாம்தான். பேசவில்லை. அவரும் தொழிலாளி. அதோடு இன்று எனக்குச் சண்டை வரமாட்டேன் என்கிறது.

இவ்வளவு அநியாயத்தைச் சொல்லிவிட்டு ஏன் சிரிக்கிறான் இவன் என்று பார்க்கிறீர்கள். பதினோரு மணியிலிருந்து இப்படித்தான். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் ஒரு வடை வாங்கித் தின்றுவிட்டு, தின்றதை மறந்து இன்னொன்று வாங்கித் தின்றேன். சர்க்கரைக்காரன் நான். அறுபத்தேழு வயது. காலைத் தரையில் ஊன்றி உட்கார முடியவில்லை, ஆடுகிறது பாருங்கள்.

இன்று சாயங்காலம் நாலு மணிக்கு நாற்பதாம் ஆண்டு. மில்லுக்கு ரோடு பிரிகிற மில் விலக்கில் இறங்கினால் எதிரிலேயே மண்டபம். நாற்பத்தொரு பேரில் இப்போது இருப்பது பதினொரு பேர். ஐம்பதாம் ஆண்டு என்று ஒன்று எங்களுக்கு இல்லை. ரீலிங் இலாகாவில் வேலை பார்த்த அன்னத்தாய்க்கு எண்பத்திரண்டு வயது. மண்டபத்தைத் திறக்குமுன்பே போய் வாசலில் உட்கார்ந்துவிட்டதாகப் போன் வந்தது. அதனால்தான் இந்தத் தடவை கல்லையும் மலரையும் எவனையும் நம்பக் கூடாது, நானே ஒரு படம் எடுப்பது என்று தீர்மானித்தேன். நாற்பது நிமிஷப் படம். பழைய ஆட்கள் பேசுவது, பழைய நோட்டீசுகள், அப்புறம் அந்த ரீல்.

ரீல் என்றால், மதுரைக் கல்லூரி வாத்தியார் ஒருவர் வேலைநிறுத்தத்தின் நாற்பதாவது நாள் வந்து எங்கள் ஊர்வலத்தைச் சின்னக் கேமராவில் எடுத்தார். நாலு நிமிஷம். அவர் இறந்தபோது அவர் மகன் தேடி வந்து என்னிடம் கொடுத்தார். அதில் ஒன்றரை நிமிஷம் நான் இருக்கிறேன். முழுசாக இருக்கிறேன் தம்பி, கை, தலை, எல்லாம். இருபத்தேழு வயது. ஒருத்தன் தோளில் உட்கார்ந்துகொண்டு முழக்கம் போடுகிறேன்.

அந்த ஒருத்தனில்தான் சிக்கல்.

அவன் பெயரைக் கேட்காதீர்கள். எழுபத்தொரு நாளில் கேட்டைத் தாண்டி உள்ளே போனது ஒரே ஆள். அறுபத்து நாலாவது நாள். அன்றைக்கு நான் ஒரு சபதம் எடுத்தேன், அவன் பெயர் என் வாயில் வராது என்று. மற்றவர்கள் நாளாவட்டத்தில் அவனோடு பேசினார்கள், டீ குடித்தார்கள், கல்யாணத்துக்குப் போனார்கள். நான் போகவில்லை. போன தை மாதம் செத்தான். அதற்கும் போகவில்லை. கருங்காலி என்றால் கருங்காலிதான். நோட்டீசில் ஒரு தடவை அச்சடித்துவிட்டால் திருத்தம் கிடையாது.

கோவில்பட்டியில் மூன்று ஸ்டூடியோவில் ஏறி இறங்கினேன். கல்யாண சீசன், முடியாது என்றார்கள். நாலாவதாக ரோஸ் டிஜிட்டல். ரோஸ்லின் என்று ஒரு பெண். கல்யாண வீடியோ, சடங்கு வீடியோ, ஃப்ளெக்ஸ் பேனர், எல்லாம் தனியாளாகப் பார்க்கிறது. புருஷன் வெளிநாட்டில். சாத்தூரில் இருந்து இரண்டு வருஷம் முன்புதான் வந்து கடை போட்டிருக்கிறது. நான் ரீல் டப்பாவை மேஜையில் வைத்து வேலைநிறுத்த வரலாற்றைச் சொல்லி முடிக்கவில்லை, அது அதற்குள் செய்து தருகிறேன் என்றுவிட்டது. கேட்டதில் பாதிப் பணம் போதும் என்றது. என் பேச்சுக்கு இன்னும் அந்தச் சக்தி இருக்கிறது தம்பி.

படம் நன்றாகத்தான் வந்தது. ரீலைப் பார்க்கும்போது நான் சொன்னேன், தோளில் தூக்கியிருக்கிறானே, அந்த ஆள் வேண்டாம், எடுத்துவிடு என்று. அந்தப் பெண் திரையையே கொஞ்ச நேரம் பார்த்தது. ஆள் முழுசுமா, முகம் மட்டுமா என்று கேட்டது. முழுசும் என்றேன். செய்து காட்டியது. எனக்குக் கீழே யாருமில்லை. பல்லக்கைப் பறிகொடுத்த சாமி மாதிரி அந்தரத்தில் மிதந்துகொண்டு முதலாளித்துவத்தை எதிர்த்து முழங்குகிறேன். சரி, முகத்தை மட்டும் மறை என்றேன்.

அதற்கு ப்ளர் என்று பெயர். முகத்தைப் புகை மாதிரி கலங்கடித்துவிடுவது. ஆனால் அவன் நடக்கிறான், தலையை ஆட்டுகிறான். புகையும் கூடவே போக வேண்டும். வினாடிக்குப் பதினெட்டுப் படம். ஒன்றரை நிமிஷத்துக்கு ஆயிரத்து அறுநூறு சொச்சம். ஒவ்வொன்றிலும் அந்தப் பெண் அவன் முகத்தைத் தேடிப் பிடித்து வட்டம் போட்டது. நாலு நாள் உட்கார்ந்து. முகம் சுளிக்கவில்லை. ‘வேலை வேலைதானே அய்யா’ என்றது.

அதற்கப்புறம்தான் இந்தப் பெட்டியின் அட்டகாசம் ஆரம்பித்தது. வெட்டி ஒட்டி முடித்ததும் எல்லாவற்றையும் சேர்த்து அரைத்து ஒரே படமாக்க வேண்டும். ரெண்டரிங் என்கிறார்கள். திரையில் ஒரு கோடு ஓடும், பக்கத்தில் எத்தனை சதவீதம் என்று எண் ஏறும். முதல் நாள் நாலு மணி நேரத்தில் எண்பத்தேழுக்கு வந்தது. வந்து, நின்றது. சுற்றிக்கொண்டே இருக்கிறது, நகரவில்லை. அப்புறம் அதுவாக அணைந்துவிட்டது. மறுநாள் மறுபடி. எண்பத்தேழு. நான் நோட்டுப் போட்டு எழுத ஆரம்பித்தேன். ஒன்பதே காலுக்கு இருபது, பத்தரைக்கு நாற்பத்தொன்று, ஒரு மணிக்கு எண்பத்தேழு. மில்லில் மெஷின் நின்ற நேரமெல்லாம் இப்படித்தான் குறித்து வைப்பேன்.

மூன்றாம் நாள் எனக்குப் புரிந்துவிட்டது. இது மெதுவேலை.

மெதுவேலைப் போராட்டம் என்றால் தெரியுமா உங்களுக்கு? எண்பத்தொன்றில், பஞ்சைச் சீவிச் சிக்கெடுக்கும் கார்டிங் இலாகாவில் நான் கொண்டுவந்தது. பக்கத்து மெஷின்காரனும் கொஞ்சம் கூட இருந்தான் என்று வையுங்கள். மூன்று விதி. கை நிற்கக் கூடாது. கண்ணைத் தூக்கக் கூடாது. யாராவது கேட்டால் பதில் சொல்லக் கூடாது. உற்பத்தி பாதியாக விழும்; எங்கே விழுகிறது என்று மேஸ்திரி மண்டையை உடைத்துக்கொள்வான், கண்டுபிடிக்க மாட்டான். பதினொரு நாள் நடத்தினோம். அது ஒரு கலை தம்பி.

ஆகவே நான் இந்தப் பெட்டியின் பக்கம் நின்றேன். சிரிக்காதீர்கள். வேலை செய்கிறவன் மெதுவாகச் செய்தால் தப்பு அவன் மேல் இல்லை, அவனுக்குக் கொடுத்திருக்கும் நிலைமையின் மேல். ரோஸ்லினிடம் விசாரித்தேன். எட்டு ஜிபி ரேம்தான் இருக்கிறதாம். ரேம் என்றால் வேலை செய்யும்போது சாமான் பரப்பிக்கொள்கிற மேஜை மாதிரி. இத்தனை வேலைக்கு முப்பத்திரண்டாவது வேண்டுமாம். கிராபிக்ஸ் கார்டு என்று தனியாக ஒரு வேலையாள் வேண்டுமாம், அதுவும் இல்லை. எட்டை வைத்துக்கொண்டு முப்பத்திரண்டின் வேலையை வாங்குவதற்கு என்ன பெயர்? நம் அகராதியில் அதற்குச் சுரண்டல் என்று பெயர்.

அந்தப் பெண் மட்டும் தினமும் ஒரு தடவை சொல்லும். திரையைப் பார்த்தபடியே, ‘அந்த ஒரு ப்ளர எடுத்துட்டா அரை மணி நேரத்துல முடிஞ்சிரும் அய்யா’ என்று. நானும் தினமும் ஒரு தடவை மாட்டேன் என்பேன். கொள்கை.

அஞ்சாம் நாள் கம்ப்யூட்டர் கடை முன்னால் உட்கார்ந்தோம். இந்தப் பெட்டியை விற்றவன் அவன்தான், ‘சினிமாவே எடுக்கலாம்’ என்று சொல்லி விற்றிருக்கிறான். நான், ஸ்பின்னிங் இலாகா சுடலையாண்டி, வைண்டிங் இலாகா பேச்சியப்பன். மூன்று பேருக்கும் சேர்த்து இருநூற்றுப் பத்து வயது. கோரிக்கை மூன்று: ரேம், கார்டு, மன்னிப்பு. இருபது வருஷம் கழித்து முழக்கம் போடுகிறேன் தம்பி. ‘எட்டு ஜிபி ஏமாற்று, முப்பத்திரண்டாய் மாற்று.’ என்ன குரல் வந்தது தெரியுமா? எதிர்க்கடை ஜவுளிக்காரர் கதவை மூடிவிட்டார். பேச்சியப்பனுக்கு முழங்கால் வலி, கடைக்காரன் உள்ளேயிருந்து நாற்காலி கொண்டுவந்து போட்டான். அதில் உட்கார்ந்துகொண்டே அவனை ஒழிக என்றார். முக்கால் மணி நேரம். கடைசியில் கடைக்காரன் கும்பிட்டுவிட்டு, மன்னிப்புத் தவிர இரண்டையும் கொடுத்தான். கார்டு மட்டும் பழசு. முழு வெற்றி. நாங்கள் மூன்று பேரும் பஜார் வழியாக அந்தக் கார்டைக் கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு போனோம்.

மாட்டினால், பெட்டி புகைந்துவிட்டது. புதிதாக வந்த வேலையாளுக்குக் கரண்டு பத்தவில்லையாம். உள்ளே கரண்டு பிரித்துக் கொடுக்கும் டப்பா கருகிப்போயிற்று. அதை மாற்றினோம். அப்புறம் பெட்டி சூடாகிறது என்றார்கள். பக்கத்துக் கதவைக் கழற்றி, என் வீட்டு மேஜை ஃபேனை எதிரில் வைத்தேன். ஆயுத பூஜைக்கு அந்தப் பெண் பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தது. பகுத்தறிவுக்கு ஒவ்வாது என்று துடைத்துவிட்டேன். பேச்சியப்பன் எனக்குத் தெரியாமல் விபூதி பூசியிருக்கிறார், அதையும் துடைத்தேன். எல்லாம் செய்தும் ஒன்பதாம் நாள், அதாவது இன்றைக்கு, காலை பத்தேகாலுக்கு எவ்வளவு? நீங்களே சொல்லுங்கள்.

எண்பத்தேழு.

அந்த நேரத்தில்தான் அன்னத்தாயின் போன். ‘எலேய் இருளப்பா, படம் உண்டுமா, இல்ல அந்தச் சால்வ மாதிரியா?’ என்று கேட்டது.

நான் திரையைப் பார்த்தேன். எண்பத்தேழில் நிற்கிற அந்த ஒரு படம் தெரிகிறது. நான் கையை உயர்த்தி வாயைத் திறந்திருக்கிறேன். எனக்குக் கீழே புகை. ஒன்பது நாளாக அதே இடம். கொள்கையா, படமா? நாற்பது வருஷத்தில் எவனிடமும் நான் இறங்கி வந்தது கிடையாது. ரோஸ்லினைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். எடுத்துவிடு என்று.

இருபத்திரண்டு நிமிஷம் தம்பி. எண்பத்தேழு, எண்பத்தெட்டு, எண்பத்தொன்பது. தொண்ணூறைத் தாண்டும்போது நான் எழுந்து நின்றுவிட்டேன். நூறு என்று வந்ததும், சத்தியமாக, மேஜை ஃபேனைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

அப்புறம் ஓட்டிப் பார்த்தோம். ஊர்வலம் வந்தது. நான் வந்தேன். எனக்குக் கீழே அவன் முகம் வந்தது.

நாற்பது வருஷத்தில் இன்றைக்குத்தான் அந்த முகத்தை நேராகப் பார்க்கிறேன். ரீலில் வந்தாலும் தெருவில் எதிர்ப்பட்டாலும் வேறுபக்கம் திரும்பிவிடுவேனே. ஒவ்வொரு முழக்கத்துக்கும் அவன் தலையை நிமிர்த்தி மேலே என்னைப் பார்க்கிறான். பார்த்துச் சிரிக்கிறான். என் முழக்கத்தைத் திருப்பிச் சொல்கிறான். நான் குதிக்கிறேன், கையை வீசுகிறேன். விழுந்துவிடாமல் என் இரண்டு கணுக்காலையும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருக்கிறான். அன்றைக்கு நானாகத்தான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன் என்று இத்தனை வருஷமாக நினைத்திருக்கிறேன். பிடித்திருந்தது எனக்குத் தெரியவே தெரியாது.

ரோஸ்லின் படத்தை அந்த இடத்தில் நிறுத்தியது.

“எங்க வீட்டுல அப்பா சிரிக்கிற போட்டோ ஒண்ணுகூட கெடையாது அய்யா” என்றது.

எனக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. விளங்கியதும் உட்கார்ந்துவிட்டேன். ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சொல்லியிருந்தா ரீல எங்கிட்ட குடுத்திருப்பீங்களா?”

கொடுத்திருக்க மாட்டேன். பொய் சொல்லக் கூடாது. அப்புறம் அது இன்னொன்றும் சொன்னது, கேட்காமலே. வேலைநிறுத்தத்தின் அறுபத்திரண்டாவது நாள்தான் அது பிறந்ததாம். குறைமாதமாம். அதை எதற்கு என்னிடம் சொன்னது என்று தெரியவில்லை. நானும் மேற்கொண்டு கேட்கவில்லை.

ஆனால் வேறொன்று கேட்க வேண்டும் என்று வாய்வரை வந்தது. ஒன்பது நாள் அந்தப் பெண்ணைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். கை நிற்கவில்லை. கண்ணைத் தூக்கவில்லை. வேலை எங்கே விழுகிறது என்று நானும் கடைக்காரனும் மண்டையை உடைத்துக்கொண்டோம், கண்டுபிடிக்கவில்லை. மெதுவேலை பார்த்தது பெட்டியா, அந்தப் பெண்ணா? கேட்டால் பதில் சொல்லக் கூடாது என்பது மூன்றாவது விதி. அதனால் கேட்கவில்லை. ஆனால் தம்பி, அந்தப் பெண்தான் என்றால், என்ன ஒரு மெதுவேலை! என்னையே ஒன்பது நாள் அலைய விட்டு, என் வாயாலேயே இறங்கி வரவைத்து. எண்பத்தொன்றில் நாங்கள் செய்தது இதன் கால்தூசு பெறாது. கார்டிங்கில் எனக்குப் பக்கத்து மெஷின் யாருடையது என்று நினைத்துப் பார்த்தேன், அப்போது பிடித்த சிரிப்புதான், இன்னும் நிற்கவில்லை.

படம் பென்டிரைவில் ஒரு காப்பி இருக்கிறது. விரல் அளவு சாமானை நம்பி நாற்பது வருஷத்தை ஒப்படைக்க முடியுமா? பெட்டியையே தூக்கிக்கொண்டு வா என்றேன். அதோ முன்னால் மூன்றாவது சீட்டில், மடியில் திரையைப் போர்வையில் சுற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதே, அதுதான் ரோஸ்லின். அப்படித் திரும்பிப் பார்க்காதீர்கள்.

இன்னும் ஒன்று பாக்கி. எங்கள் வழக்கம் ஒன்று சொல்கிறேன். வேலைநிறுத்தத்தின்போது பாதிப் பேர் உள்ளே வந்துவிட்டார்கள் என்று நிர்வாகம் புரளி கிளப்பும். அதற்காகத் தினமும் காலையில் கேட்டில் பெயர் படிப்போம். இருப்பவர் ‘இருக்கேன்’ என்பார். ஜெயிலில் இருப்பவருக்கும் ஆஸ்பத்திரியில் இருப்பவருக்கும் இரண்டு பேர் ‘சாட்சி’ என்று சொல்ல வேண்டும். ஒருத்தர் சொன்னால் செல்லாது. இப்போதும் ஒவ்வொரு ஆண்டும் படிக்கிறோம். செத்தவர்களுக்கும் அதே இரண்டு சாட்சி. படிக்கிறவன் எப்போதும் நான்தான். எந்தக் கல்வெட்டிலும் நான் இல்லாவிட்டால் என்ன, குரல் என்னுடையது.

இன்றைக்குப் படத்தில் அவன் முகம் தெரியப் போகிறது. யார் அது என்று இளசுகள் கேட்கும். ‘மற்றும் ஒருவர்’ என்று போட்டுவிடலாம் என்று பஸ் ஏறும்வரை யோசித்தேன். ஏனோ அது எனக்கே பிடிக்கவில்லை. ஏன் என்று சொல்லத் தெரியவில்லை.

மன்னிப்பெல்லாம் இல்லை தம்பி. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஊர்வலம் நாற்பதாவது நாள். நாற்பதாவது நாளுக்கு அவன் ஆஜர். அறுபத்து நாலாவது நாளுக்கு இல்லை. அவ்வளவுதான்.

மண்டபத்து மைக் சத்தம் கேட்கிறதா, மில் விலக்கு வருகிறது. எழுந்திருங்கள், இந்தப் பெட்டியை ஒரு கை பிடியுங்கள். நாற்பது வருஷம் சொல்லாத பெயர். மைக்கில் நாக்குப் புரளாவிட்டால் அவமானம். இங்கேயே ஒரு தடவை படித்துப் பார்த்துவிடுகிறேன். நீங்கள் ஒரு சாட்சி. கண்டக்டர் தம்பி, கொஞ்சம் இப்படி வாங்க, விசிலை அப்புறம் ஊதலாம். பெட்டிக்கு லக்கேஜ் போட்டவர் நீங்கள், உங்களுக்கும் இதில் பங்கு உண்டு. நான் படித்ததும் இரண்டு பேரும் சாட்சி என்று சொல்ல வேண்டும், முன் சீட்டுக்குக் கேட்கிற மாதிரி.

நாற்பத்திரண்டாவது பெயர். கார்டிங் இலாகா, டிக்கெட் நம்பர் முந்நூற்றுப் பன்னிரண்டு, தோமை மகன் மிக்கேல்.